நின்ற நீர்

வாடகை பேசும்போதே சொன்னார் தண்டபாணி:
"வீட்டுக்குள்ள மீன் கூடாது."
சரிங்க என்று
முன்பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.
ஐந்தாம் நாள்
பாலிதீன் பையில் நான்கு கப்பிகள்
என் சுண்டுவிரலில் தொங்கியபடி மாடிப்படி ஏறின.
ஓர் ஆண், மூன்று பெண்.
சட்டியில் வேகும் மீனைத்தான் அவர் சொன்னார்.
விளக்கம் கேட்கவில்லை நான்.

வேலை எனக்கு மாநகராட்சியில்,
தினக்கூலி, கொசுப்புழு பார்ப்பது.
குகை, களரம்பட்டி, எருமாபாளையம்,
நாளைக்கு ஐம்பது வீடு.
தொட்டி மூடியைத் தூக்கி டார்ச் அடிப்பேன்,
ஃப்ரிட்ஜின் பின்தட்டை இழுத்துப் பார்ப்பேன்,
டயரோ பூந்தொட்டித் தட்டோ
கண்ணில் பட்டதைக் கவிழ்ப்பேன்.
"மூணு நாளைக்கு மேல தண்ணி நிக்கக் கூடாதுங்க."
"குழாயில வர்றதே மூணு நாளைக்கு ஒருக்கா.
பிடிச்சு வைக்காம என்ன பண்றது, கொசுக்காரம்மா?"
சுவரில் சாக்பீஸால் தேதி போட்டுவிட்டு
அடுத்த வீட்டுக்கு நகர்வேன்.

என் அறையில், கட்டிலடியில்,
ஒரு பச்சை பக்கெட்.
அதில் நேற்றைய மேட்டூர் தண்ணீர்
சும்மா நின்றுகொண்டிருக்கிறது.
குளோரின் நெடி கழன்றுபோக
ஒரு ராத்திரி, ஒரு பகல்.
பிடித்த கையோடு ஊற்றி
அந்த ஒற்றை ஆணைக் கொன்றவள் நான்.
ஆரஞ்சு வால்
கிழித்துப்போட்ட ரிப்பன் மாதிரி
மேலே மிதந்தது.
அன்றிலிருந்து
கொட்டுங்க கொட்டுங்க என்கிற வாய்க்கு
வீட்டுக்கு வந்தால் கொஞ்சம் கூச்சம்.

தீனிச் செலவு மட்டும் மிச்சம்.
டீ வடிகட்டியில் அரித்த புழுக்கள்
ஹார்லிக்ஸ் பாட்டிலில் நெளிந்தபடி
டவுன் பஸ்ஸில் என்னோடு வரும்.
"என்னம்மா அது?" என்றார் கண்டக்டர்.
"ஆபீஸ் வேலைங்க."
ஒரு கரண்டி சாய்த்தால்
மூன்று வாயும் பாயும்.
களரம்பட்டியில் ஒரு தெருவுக்கான காய்ச்சல்
ஒரு நிமிஷத்தில் காலி.

ஆண் செத்து இரண்டு மாதம்.
பெரியவளின் வயிறு சதுரமானது,
வாலோரக் கரும்புள்ளி அகன்றது.
மீன்கடைக்காரர் சிரித்தார்:
"ஒருதரம் சேர்ந்தா போதும்,
உள்ளயே வச்சிருந்து
ஆறேழு மாசம் குட்டி போடும்."
என்னைப் பற்றி எதுவும் தெரியாத மனிதர்.
ஆனாலும் மீதிச் சில்லறையை
எண்ணாமல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

விடிகாலை நாலரை. பதினேழு.
கண்ணும் நூலுமாய்ப் பதினேழு.
பல் தேய்த்து வருவதற்குள் பதினாலு.
கோபமே இல்லாமல்,
வாயில் பட்டதை மெல்லுவதுபோல்,
தின்றுகொண்டிருந்தாள் பெற்றவள்.
மூக்கனேரியில் அரித்த வேலம்பாசியை
கேரியரின் கீழடுக்கில் கொண்டுவந்தாள் ரெஜினா.
மேலடுக்கில் புளிச்சோறு.
பாசிக்குள் தங்கியவை பதினொன்று.

ஞாயிறு தண்ணீர் மாற்றும் நாள்.
முழுக்க அல்ல, கால் பங்கு.
ட்யூபை வாயில் வைத்து உறிஞ்சும்போது
மோட்டார் காசு கேட்க ஏறி வந்துவிட்டார் தண்டபாணி.
தொட்டியைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
என் வாயில் ட்யூப்.
குனிந்தார்; வெகுநேரம் நிமிரவில்லை.
"எத்தன குட்டி?"
விரலைக் காட்டினேன்: பத்து. பிறகு ஒன்று.
"பின்னால பாழுங்கெணறு ஒண்ணு கெடக்கு.
மருந்து ஊத்த உங்க ஆளுங்க வந்தாங்க,
நான் விடல."
கதவு வரை போய்த் திரும்பினார்.
"மீனுன்னா, அது வேற."

ஆறு குட்டிகளை டிபன் டப்பாவில் வைத்து
கயிற்றில் இறக்கினோம்.
டார்ச் அவர் கையில், கயிறு என் கையில்.
டப்பா சாய்ந்தது கேட்டது.
கறுப்பு நீரில் ஒன்றும் தெரியவில்லை.
இந்தத் தெரு என் வார்டிலேயே வராது.
இருந்தும் கிணற்று விளிம்பில்
தேதி போட்டேன்,
அதற்குக் கீழே "மீன் 6."
குழாயில் தண்ணீர் வருகிற சத்தம் கேட்டு
பச்சை பக்கெட்டை எடுக்க
மாடிக்கு ஓடினேன்.